சுங்கச் சுவர் எழும்பும்போது பக்கத்து நாட்டுக்கு என்ன ஆகிறது?

கேள்வி இதுதான்: ஒரு நாடு தன் தொழில்களைக் காப்பாற்ற இறக்குமதி வரியைக் கூட்டுவது அதன் உரிமை. அப்படியிருக்க அண்டை நாடுகள் ஏன் இவ்வளவு பதறுகின்றன? மிஞ்சிப்போனால் அவர்களும் பதிலுக்கு வரி போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடாதா?

உரிமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கணக்கு நேராகாது. வரி போடும் அரசு பெரும்பாலும் தொலைவில் இருக்கும் ஒரு போட்டியாளரை மனதில் வைத்துத்தான் போடுகிறது. அடி முதலில் விழுவது எல்லையை ஒட்டி இருப்பவர் மேல். அவர் உடனே திருப்பி அடிக்கிறாரா இல்லையா என்பதைத்தான் எல்லாரும் கவனிக்கிறார்கள். என் பார்வையில் அது இரண்டாம்பட்சம். அண்டை நாடு மெல்ல வேறு பக்கம் திரும்பி, வேறு சந்தை, வேறு துறைமுகம், வேறு கூட்டாளி என்று தேடிக்கொள்கிறதே, அதுதான் நீண்டகால விளைவு. வரியை ஒரே உத்தரவில் நீக்கிவிடலாம். போன வணிகம் முழுதாகத் திரும்பி வருவது அரிது.

முதலில், ஏன் பக்கத்து நாடு? இரு நாடுகளின் பொருளாதாரம் பெரிதாக இருந்தால் அவற்றுக்கிடையே வணிகம் கூடும், தூரம் கூடினால் குறையும் என்பதை டச்சுப் பொருளியலாளர் யான் டின்பெர்கன் 1962-ல் ஒரு சூத்திரமாகவே எழுதினார். கப்பல் கூலி குறைந்து, தகவல் தொடர்பு மலிந்து, எவ்வளவோ மாறிய பிறகும் அது பெரும்பாலும் பொருந்தியே வருகிறது. லாரியிலும் ரயிலிலும் குழாயிலும் போகும் சரக்கு, சீக்கிரம் அழுகும் காய்கனி, தூக்கிச் செல்லும் செலவு அதிகமான சிமெண்ட், மரம் போன்றவை எல்லாம் பக்கத்துக்குத்தான் போகும்.

இதோடு அளவு வித்தியாசமும் சேர்ந்துகொள்கிறது. கனடாவின் சரக்கு ஏற்றுமதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. மெக்சிகோவுக்கு அது 80 சதவீதத்துக்கும் மேல். மறுபக்கம் பார்த்தால் அமெரிக்க ஏற்றுமதியில் கனடாவின் பங்கு ஆறில் ஒன்று அளவுதான். நேபாளத்தின் வெளிநாட்டு வணிகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவோடு நடக்கிறது. இந்தியாவின் மொத்த வணிகத்தில் நேபாளத்தின் பங்கு மிகச் சிறியது. இரு பக்கமும் ஒரே சதவீத வரி போட்டாலும் வலி ஒரே அளவில் இருக்காது.

பெரிய சந்தை வைத்திருக்கும் நாடு வரி போட்டால் சுமையில் ஒரு பகுதியை விற்பவர் தலையில் தள்ளிவிடலாம் என்று பாடநூல்கள் சொல்லும். எவ்வளவு தள்ள முடியும் என்பது விற்பவருக்கு வேறு வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நடைமுறையில் இது எப்போதும் அப்படி அமைவதில்லை. 2018-ல் அமெரிக்கா போட்ட வரிகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், சுமை கிட்டத்தட்ட முழுவதும் அமெரிக்க இறக்குமதியாளர்கள், வாங்குவோர் மேலேயே விழுந்ததாகக் கண்டார்கள். இதைக் கேட்டுவிட்டு "அப்படியானால் அண்டை நாட்டுக்கு நட்டமில்லையே" என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. விலையில் நட்டம் வராவிட்டாலும் அளவில் வரும். போன ஆண்டு நூறு வண்டி வாங்கியவர் இந்த ஆண்டு அறுபது வாங்கினால், மீதி நாற்பதை ஓட்டியவருக்கும் ஏற்றியவருக்கும் வேலை இல்லை.

பிணைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பதற்குக் கச்சா எண்ணெய் நல்ல சான்று. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து எண்ணெய்க் குழாய்கள் பெரும்பாலும் தெற்கே அமெரிக்காவை நோக்கியே போகின்றன. அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியின் பல சுத்திகரிப்பு ஆலைகள் அந்தக் கனமான எண்ணெய்க்கென்றே அமைக்கப்பட்டவை. 2025 மார்ச்சில் கனடாவின் பொருள்களுக்கு 25 சதவீத வரி விதித்தபோது, எரிசக்திக்கு மட்டும் 10 சதவீதம் என்று அமெரிக்காவே குறைத்து வைத்தது. தன் ஆலைகளுக்கே அடி விழும் என்று அதற்குத் தெரியும். கனடாவுக்கும் உடனே வேறு போக்கிடம் இல்லை. பசிபிக் கரைக்குப் போகும் டிரான்ஸ் மவுண்டன் குழாயின் விரிவாக்கம் 2024 மே மாதம்தான் பயன்பாட்டுக்கு வந்தது. சந்தையை மாற்று என்று சொல்வது சுலபம். மாற்றுவதற்கு முதலில் குழாய் வேண்டும், தண்டவாளம் வேண்டும், துறைமுகம் வேண்டும். அதற்குப் பத்தாண்டுகள் பிடிக்கலாம்.

பதிலடி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் முட்டையைப் பார்க்க வேண்டும். 1930 ஜூன் 17-ல் அமெரிக்க அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் ஸ்மூட்–ஹாலி சுங்கச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வேண்டாம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் எழுதிக் கேட்டும் பலனில்லை. அந்தச் சட்டம் ஒரு டஜன் முட்டைக்கான வரியை 8 சென்ட்டிலிருந்து 10 சென்ட்டாக உயர்த்தியது. கனடா தன் பக்கம் 3 சென்ட்டாக இருந்ததை அதே 10 சென்ட்டுக்கு ஏற்றியது. இதில் கவனிக்க வேண்டியது, அதற்கு முன் முட்டை அதிகம் போய்க்கொண்டிருந்தது அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குத்தான். 1929-ல் ஒன்பது லட்சம் டஜனுக்கும் மேல் போன முட்டை, 1932-ல் பதினான்காயிரம் டஜனுக்கும் கீழே இறங்கியது. பாதுகாப்பு யாருக்கு என்று சொல்லிச் சட்டம் வந்ததோ, அந்தக் கோழிப்பண்ணைக்காரரே தன் பக்கத்துச் சந்தையை இழந்தார்.

அரசியலில் நடந்தது இதைவிடப் பெரிது. அப்போது கனடாவின் பிரதமராக இருந்த மெக்கென்சி கிங் அமெரிக்காவோடு இணக்கமாகப் போக விரும்பியவர். அந்தச் சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அவர் அரசும் சில அமெரிக்கப் பொருள்கள் மேல் ஈடுகட்டும் வரி போட்டது. அது போதாது என்று மக்கள் நினைத்தார்கள். 1930 ஜூலைத் தேர்தலில் அவர் தோற்று, கடுமையான சுங்கக் கொள்கை பேசிய ஆர். பி. பென்னெட் ஆட்சிக்கு வந்தார். 1932-ல் ஒட்டாவாவில் கூடிய மாநாட்டில் கனடாவும் பிரிட்டனும் பிரிட்டிஷ் பேரரசின் மற்ற ஆட்சிப்பகுதிகளும் தங்களுக்குள் சலுகை வரி முறையை வகுத்துக்கொண்டன. அமெரிக்கா வெளியே நின்றது. ஒரு வரி அண்டை நாட்டில் இணக்கம் பேசுபவரைப் பலவீனமாக்கி, முறைப்பாகப் பேசுபவரை மேலே ஏற்றிவிடும். இந்தச் சேதத்தை எந்த வணிகப் புள்ளிவிவரத்திலும் பார்க்க முடியாது.

திருப்பி அடிக்கும் வலிமைகூட இல்லாத அண்டை நாடு என்ன ஆகும்? அதே சட்டம் கியூபாவுக்குச் செய்ததைப் பாருங்கள். சட்டத்துக்குப் பெயர் தந்த செனட்டர் ரீட் ஸ்மூட், யூட்டா மாநிலத்தவர். பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் தொழில் அங்கே முக்கியமானது. கியூபாவின் கச்சாச் சர்க்கரை மேல் பவுண்டுக்கு 2 சென்ட் வரி விதிக்கப்பட்டது. 1930-ல் அமெரிக்கச் சர்க்கரைச் சந்தையில் ஏறத்தாழ பாதியைக் கையில் வைத்திருந்த கியூபா, 1933-ல் கால் பங்குக்கு வந்து நின்றது. அந்த இடம் முழுவதும் யூட்டா விவசாயிக்குப் போய்விடவில்லை. சுங்கச் சுவருக்கு உள்ளே இருந்த பிலிப்பைன்ஸ், புவேர்ட்டோ ரிக்கோ, ஹவாய் ஆகியவையும் பங்கு போட்டுக்கொண்டன. ஒரே பயிரை, ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த தீவில் ஆலைகள் மூடின, கூலி சரிந்தது. 1933 ஆகஸ்டில் கியூப அதிபர் மச்சாடோவின் ஆட்சி கவிழ்ந்தது. உலகப் பெருமந்தமும் சர்வாதிகாரத்தின் மேலிருந்த வெறுப்பும் அதற்குக் காரணங்கள்தாம். ஆனால் சர்க்கரை வரியை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

வேறு பக்கம் திரும்புவதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு நான் அறிந்தவரை மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இன்னும் பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் இல்லாத செர்பியாவின் ஏற்றுமதியில் மிகப் பெரும்பங்கு ஆஸ்திரியா–ஹங்கேரிக்குத்தான் போனது. அதில் முக்கியமானது பன்றி. செர்பியா பல்கேரியாவோடு சுங்க ஒன்றியம் பேசியது, பீரங்கியை ஆஸ்திரியாவின் ஸ்கோடாவிடம் வாங்காமல் பிரான்ஸிடம் வாங்க முனைந்தது. பேரரசின் தலைநகரான வியன்னாவுக்குக் கோபம். ஹங்கேரியின் பெருநிலக்காரர்களுக்கும் செர்பியப் பன்றி வராமல் இருந்தால் நல்லது. 1906-ல் எல்லை மூடப்பட்டது. சில மாதங்களில் செர்பியா பணிந்துவிடும் என்பதே எதிர்பார்ப்பு.

செர்பியா பணியவில்லை. உயிரோடு பன்றியை ஓட்டிச் செல்ல முடியாவிட்டால் வெட்டிப் பதப்படுத்தி அனுப்பலாம் என்று இறைச்சி ஆலைகள் கட்டப்பட்டன. சலோனிகா துறைமுகம் வழியாகச் சரக்கு போனது. ஜெர்மனி உட்படப் புதிய வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். சண்டை ஓய்வதற்குள் செர்பிய ஏற்றுமதியில் ஆஸ்திரியா–ஹங்கேரியின் பங்கு மூன்றில் ஒன்று அளவுக்குச் சுருங்கிவிட்டது. வரலாற்றில் இதைப் பன்றிப் போர் என்றே சொல்கிறார்கள். அண்டை நாட்டின் மேல் இருந்த பிடியைக் காட்டப் போய், அந்தப் பிடியையே இழந்தது பேரரசு.

பாதுகாப்பு என்றால் இறக்குமதியைத் தடுப்பது மட்டும் அல்ல. உள்நாட்டில் விலை ஏறாமலிருக்க ஏற்றுமதியைத் தடுப்பதும் அதே குடும்பம்தான். 2019 செப்டம்பர் இறுதியில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் திடீரென்று நிறுத்தியது. வங்கதேசத்தில் விலை பல மடங்கு ஏறியது. நவம்பரில் விமானத்தில் வெங்காயம் இறக்க வேண்டிய நிலை வந்தது. தடை அறிவித்த சில நாளில் டெல்லி வந்திருந்த அன்றைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, சமையலில் வெங்காயம் போட வேண்டாம் என்று தன் சமையற்காரரிடம் சொல்லிவிட்டதாக மேடையிலேயே குறிப்பிட்டு, முன்கூட்டித் தகவல் சொல்லியிருந்தால் உதவியாக இருந்திருக்கும் என்றார். 2020 செப்டம்பரில் மீண்டும் தடை, 2023 டிசம்பரில் மீண்டும் தடை. இத்தனைக்குப் பிறகு வங்கதேசம் தன் சாகுபடியைப் பெருக்கியதிலும், அறுவடைக் காலத்தில் இந்திய வெங்காயத்துக்கு அனுமதி தராமல் நிறுத்திவைப்பதிலும் ஆச்சரியம் இல்லை. இதில் நேரடியாக நட்டப்பட்டவர் மகாராஷ்டிர விவசாயி. தடை போடும்போதும் அவருக்கு விலை இல்லை, தடை நீங்கிய பிறகும் பழைய வாடிக்கையாளர் பழைய அளவுக்கு வாங்குவதில்லை.

வரி விகிதத்தையே தொடாமல் வணிகத்தை நிறுத்தவும் வழிகள் உண்டு: உரிமம், தரச்சான்று, எந்த வாசல் வழியாக வரலாம் என்ற விதி. 2025 ஏப்ரலில் வங்கதேசம் இந்திய நூல் தரைவழியாக வருவதை நிறுத்தியது. அதே மாதம் வங்கதேசச் சரக்கு இந்தியத் துறைமுகங்கள், விமான நிலையங்கள் வழியாக மூன்றாம் நாட்டுக்குப் போகும் வசதியை இந்தியா விலக்கியது. மே 17-ல், வங்கதேச ஆயத்த ஆடைகள் கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்றது. வரி ஒரு பைசா கூடவில்லை. ஆனால் மேற்கு வங்க எல்லையில் உள்ள பெட்ராபோல் வழியாக லாரியில் வந்துகொண்டிருந்த சரக்கு கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட கட்டுப்பாடுகள் எனக்கு வரியைவிட மோசமாகத் தோன்றுகின்றன. வரியைக் கணக்கில் சேர்த்து விலை சொல்லிவிடலாம். நாளைக்கு எந்த வாசல் திறந்திருக்கும் என்று தெரியாத நிலையில் யாரும் ஒப்பந்தம் போட முடியாது.

எல்லையை அடைத்தாலும் விலை வித்தியாசம் இருக்கும்வரை சரக்கு எப்படியாவது போகும். மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா நெல் சாகுபடியைக் காக்க வெளிநாட்டு அரிசிக்குப் பல கட்டுப்பாடுகள் போட்டது. பக்கத்தில் இருக்கும் பெனின், அப்போது ஒன்றேகால் கோடி மக்கள்கூட இல்லாத நாடு, தாய்லாந்து அரிசியை மிக அதிகம் வாங்கும் நாடுகளில் ஒன்றானது. வந்ததில் பெரும்பகுதி புழுங்கல் அரிசி. பெனின் மக்கள் பெரும்பாலும் சாப்பிடுவது அது அல்ல, நைஜீரியர்கள் சாப்பிடுவது. கொட்டனூ துறைமுகத்தில் இறங்கி, எல்லை தாண்டிக் கடத்தலாகப் போனது. பெனின் அரசின் சுங்க வருவாயே இந்தப் போக்கை நம்பியிருந்தது.

2019 ஜூலையில் ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நைஜீரியா, ஆகஸ்டில் தன் தரை எல்லைகளை மூடியது. குறி அரிசிக் கடத்தல். ஆனால் சட்டப்படி நடந்த வணிகமும் அதோடு சேர்ந்து நின்றது. பெனினின் அன்னாசி, தக்காளி விவசாயிகளுக்குப் பெரிய சந்தை நைஜீரியாதான், விளைந்தது அழுகியது. அவர்களுக்கும் அரிசிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 2020 டிசம்பரில்தான் எல்லை மறுபடி திறக்கத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் நைஜீரியாவில் உணவுப் பணவீக்கம் 13 சதவீதத்தை ஒட்டிய அளவிலிருந்து 18 சதவீதத்தைத் தாண்டியது. கொரோனாவும் அதில் சேர்ந்ததால் எல்லா உயர்வையும் எல்லை மூடல் மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் கொரோனா வருவதற்கு முன்பே விலை ஏறத் தொடங்கிவிட்டது.

சில நேரம் அண்டை நாட்டுக்கு இதனால் லாபமும் வரும். அந்த லாபத்தை நான் நம்புவதில்லை. இந்தியா சமையல் எண்ணெய்க்கு அதிக இறக்குமதி வரி போடுகிறது. தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் கீழ் நேபாளத்திலிருந்து வருவதற்கு வரி இல்லை. எனவே பாமாயிலும் சோயா எண்ணெயும் பெரிதாக விளையாத நேபாளம், கச்சா எண்ணெயாக வெளிநாட்டிலிருந்து வாங்கிச் சுத்திகரித்து இந்தியாவுக்கு விற்கிறது. 2024 செப்டம்பரில் இந்தியா வரியைக் கூட்டியதும் இந்த ஏற்றுமதி பொங்கி எழுந்தது. 2025 மே மாதக் கடைசியில் இந்தியா கச்சா சமையல் எண்ணெய்க்கான அடிப்படை வரியை 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைத்ததும் அந்த லாபத்தில் ஒரு பகுதி ஒரே நாளில் கரைந்தது. இன்னொரு தலைநகரில் எழுதப்படும் ஒரு எண்ணின் மேல் ஆலை கட்டுவதும், அந்த ஆலைக்குக் கடன் கொடுப்பதும் எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

இன்றைய உற்பத்தி முறையில் இன்னொரு சிக்கல் உண்டு: அயல் பொருள் என்று வரி போடுவதில் பாதி நம்முடையதாகவே இருக்கலாம். மெக்சிகோவிலிருந்து அமெரிக்கா வாங்கும் பொருள்களின் மதிப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் அமெரிக்காவிலேயே உருவானது என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வட அமெரிக்காவில் ஒரு கார் உதிரிபாகம் முழுமையாகி வண்டியில் பொருத்தப்படுவதற்குள் எல்லையைப் பலமுறை கடக்கும். 2025 மார்ச் 4-ல் நடைமுறைக்கு வந்த 25 சதவீத வரியிலிருந்து, அமெரிக்கா, மெக்சிகோ, கனடா ஆகிய மூன்று நாட்டு வணிக ஒப்பந்த விதிகளுக்கு உட்பட்ட பொருள்களை இரண்டே நாளில் அமெரிக்கா விலக்கியதற்குக் கார் நிறுவனங்களின் முறையீடு முக்கியக் காரணம்.

தடுக்கப்பட்ட சரக்கு காணாமல் போய்விடுவதும் இல்லை. அது அடுத்த வீட்டை நோக்கிப் போகும். அமெரிக்கா 2018-ல் எஃகுக்கு 25 சதவீத வரி போட்டதும், திரும்பிவிடப்பட்ட எஃகு தங்கள் பக்கம் குவியும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு ஜூலையில் தற்காப்பு வரியைக் கொண்டுவந்தது. 2025 டிசம்பரில் மெக்சிகோ நாடாளுமன்றம், தன்னோடு வணிக ஒப்பந்தம் இல்லாத நாடுகளின் பல பொருள்களுக்கு 50 சதவீதம் வரை வரிக்கு ஒப்புதல் தந்தது. சீனா, இந்தியா, தென்கொரியா எல்லாம் அதில் அடங்கும். அமெரிக்காவின் கெடுபிடி மெக்சிகோ வழியாக உலகின் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பதிலுக்கு வரி போட்டால் போதாதா என்ற பகுதிக்கு வருகிறேன். பதில் வரி தன் மக்களுக்கே விலையேற்றம். அதனால் விவரம் தெரிந்த அரசுகள் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை. 2018 ஜூலை 1-ல் கனடா பதிலடி கொடுத்தபோது தேர்ந்தெடுத்த பொருள்களில் கெச்சப், தயிர், விஸ்கி ஆகியவை இருந்தன. அவற்றைக் கனடா மக்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவை தயாராகும் தொகுதிகளின் அமெரிக்க அரசியல்வாதிகளுக்கு உறைக்கும். 2019 மே மாதம் எஃகு, அலுமினிய வரிகள் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் நீக்கப்பட்டன. எனவே பதிலடி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அது பேரம் பேசுவதற்கான கருவி. இழந்ததை அது ஈடு செய்யாது.

பாதுகாப்பே கூடாது என்பதும் என் கட்சி அல்ல. இளந்தொழில்களுக்குக் கொஞ்ச காலம் நிழல் தேவைப்படலாம். திடீரென்று குவியும் இறக்குமதியால் ஒரு தொழில் அழியும் நிலையில் தற்காப்பு வரி நியாயம். உலக வணிக அமைப்பின் விதிகளே இதற்கு இடம் தருகின்றன: முதலில் நான்கு ஆண்டு, நீட்டித்தாலும் மொத்தம் எட்டு ஆண்டு. வளரும் நாட்டின் பங்கு அந்த இறக்குமதியில் 3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், பொதுவாக அதை விட்டுவிட வேண்டும் என்றும் விதி உண்டு. சிறிய அண்டை நாடுகள் எல்லாம் அப்பாவிகள் என்றும் நினைக்க வேண்டாம். கனடா தன் பால்பண்ணைகளுக்காக, ஒதுக்கீட்டுக்கு மேல் வரும் வெண்ணெய்க்கு ஏறத்தாழ 300 சதவீத வரி வைத்திருக்கிறது. காலக்கெடு, முன்னறிவிப்பு, அண்டை நாட்டோடு முன்கூட்டியே பேச்சு என்ற மூன்றும் இருந்தால் சேதத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

அப்படியானால் விதியை மீறினால் வழக்குப் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். 2022 டிசம்பரில், அமெரிக்க எஃகு வரிகள் விதிமீறல் என்று உலக வணிக அமைப்பின் குழு தீர்ப்பளித்தது. வழக்குத் தொடர்ந்தவை சீனா, நார்வே, ஸ்விட்சர்லாந்து, துருக்கி. அமெரிக்கா ஏற்க மறுத்து மேல்முறையீடு செய்தது. புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா ஒப்புக்கொள்ளாததால் மேல்முறையீட்டு அமர்வு 2019 டிசம்பரிலிருந்தே இயங்கவில்லை. மேல்முறையீட்டில் போன வழக்கு அங்கேயே நிற்கும். ஆகவே இன்றைக்குச் சிறிய அண்டை நாட்டுக்கு நடைமுறையில் மிஞ்சுவது, வட்டார ஒப்பந்தத்தின் கீழ் பேசுவதும், மற்ற சந்தைகளுக்கு வழி போடுவதும்தான். கனடா 2017-ல் ஐரோப்பிய ஒன்றியத்தோடும், 2018 இறுதியில் பசிபிக் நாடுகளோடும் ஒப்பந்தங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அத்தனைக்குப் பிறகும் அதன் ஏற்றுமதியில் பெரும்பங்கு தெற்கே தான் போகிறது. தூரத்தைக் கையெழுத்தால் குறைக்க முடியாது என்பதால், அண்டை நாடுகளின் பதற்றத்தை மிகை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.